உழவுச் சாலில் ஒரு வெண்கலச் சலாகை

இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில் கோதுமை அறுவடை முடிந்து வயலை உழுது போட்டிருக்கும் மாதங்களில், மெட்டல் டிடெக்டரை ஏந்திய ஆட்கள் சாலோடு சாலாக நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களுடைய பைகளில் சேர்வதில் பெரும்பகுதி தேய்ந்த காசுகள், பொத்தான்கள், ஈயக் குண்டுகள், டிராக்டரிலிருந்து உதிர்ந்த மரைகள். இவற்றுக்கு நடுவே எப்போதாவது பச்சைக் களிம்பேறிய மெல்லிய கம்பி ஒன்று அகப்படும். நீளம் ஒரு சாணுக்குள் இருக்கும். ஒரு முனையில் சிறு கரண்டியோ தட்டையான இலையோ, மறுமுனையில் ஒலிவ விதை வடிவில் ஒரு திரட்சியோ இருக்கும். நடுத்தண்டில் மணியும் வளையமுமாகக் கடைசல் வேலை தெரியும். கண்டெடுத்தவர் மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்ததும் அவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: இது ரோமானிய மருத்துவர் ஒருவரின் கருவியா?

இந்தக் கேள்விக்கு உள்ளபடியே பதில் சொல்ல முயன்றவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில்ன் 1907இல் கிரேக்க, ரோமானிய அறுவைக் கருவிகளைப் பற்றி முழு நூல் ஒன்றை எழுதினார். பழைய மருத்துவ நூல்களில் வரும் பெயர்களை அருங்காட்சியகப் பெட்டிகளில் கிடந்த பொருள்களோடு வரிசையாகப் பொருத்திப் பார்த்த பெருமுயற்சி அது. அதன்பின் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் கூன்சல் கல்லறைகளில் கிடைத்த கருவித் தொகுதிகளைத் திரட்டி 1980களில் வெளியிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரால்ஃப் ஜாக்சனும் அமெரிக்காவின் லாரன்ஸ் பிளிக்வெஸும் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார்கள். இவர்கள் எல்லோருடைய உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று உறுதிப்படுகிறது. தனியாகக் கிடைத்த ஒரு கம்பியின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'மருத்துவக் கருவி' என்று தீர்ப்புச் சொல்ல முடிவது அரிது. எதனுடன் கிடந்தது, எந்த இடத்தில் கிடந்தது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அது பேசத் தொடங்கும்.

மிக அதிகமாகக் கிடைப்பவை சலாகைகளே. ஆய்வாளர்கள் இவற்றை நான்கைந்து வகையாகப் பிரிக்கிறார்கள். தண்டின் நுனியில் சிறு வட்டத் தகடு சற்றுச் சாய்வாக அமைந்து, மறுமுனை கூராக முடிந்தால் அது லிகுலா. நீண்டு குறுகிய கரண்டியும் ஒலிவ முனையும் சேர்ந்திருந்தால் சியாத்திஸ்கோமெலே. கரண்டிக்குப் பதில் இலை போன்ற தட்டை இருந்தால் ஸ்பத்தோமெலே. இவை போகக் காதுக்குறும்பி எடுக்கும் சின்னஞ்சிறு கரண்டிகளும் உண்டு. பெயர்களைக் கேட்டால் கிரேக்க மருத்துவமனைக்குள் நுழைந்த உணர்வு வரும். ஆனால் லிகுலாவின் அன்றாட வேலை, கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குப்பிகளிலிருந்து வாசனைத் தைலத்தையும் முகப்பூச்சையும் வழித்தெடுப்பது. ரோமானியப் பெண்களின் அலங்காரப் பேழைகளில் அது சாதாரணமாக இருந்த பொருள். ஸ்பத்தோமெலேயைப் பற்றி மில்னே எச்சரித்திருக்கிறார். மருந்தைக் கலக்கவும் தடவவும் அது பயன்பட்டது உண்மைதான் என்றாலும், ஓவியர்களும் நிறத்தைக் குழைக்க அதையே வைத்திருந்தார்கள் என்கிறார்.

மருத்துவர்களும் இவற்றைப் பயன்படுத்தினார்கள் என்பதில் ஐயமில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், காயத்தின் ஆழத்தையும் புரையோடிய வழியையும் சலாகையால் தடவிப் பார்ப்பதை விவரிக்கிறார். ஒலிவ முனை அதற்கென்றே அமைந்தது போலத் தோன்றும். சதையைக் கிழிக்காமல் உள்ளே போகும். பஞ்சைச் சுற்றினால் மருந்து வைக்கவும் உதவும். ஆக ஒரே பொருள் காலையில் மருத்துவரின் கையிலும் மாலையில் அவர் மனைவியின் கையிலும் இருந்திருக்கலாம். இந்த இரட்டைப் பயனை ஒப்புக்கொள்ளாமல் 'அறுவைக் கருவி' என்று ஏல அட்டவணையில் அச்சடிப்பவர்கள் வாங்குபவரைத் தவறான வழியில் நடத்துகிறார்கள். விலை ஏறுகிறது, வரலாறு திரிகிறது.

தமிழ்நாட்டில் முள்வாங்கியும் குறும்பிவாங்கியும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கிய காலம் ஒன்று உண்டு. பிரித்தானிய ரோமானியர்களும் அப்படியே முள்வாங்கி, குறும்பிவாங்கி, நகம் சுத்தம் செய்யும் கவட்டைக் கருவி என்று மூன்றையும் ஒரு வளையத்தில் மாட்டியிருந்தார்கள். நுனி இரண்டாகப் பிளந்த அந்த நகக் கருவி பிரித்தானியாவுக்கே உரியது. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் அபூர்வம். ஹெல்லா எக்கார்ட், நீனா கிரம்மி இருவரும் 2008இல் வெளியிட்ட நூலில் இந்த உடற்பேணல் கருவிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கவட்டை நுனியைக் கண்டு ஏதோ நுட்பமான அறுவைக் கருவி என்று நம்பிவிடுபவர்கள் உண்டு. அது நகத்து அழுக்கு எடுப்பது.

சரி, எதைக் கண்டால் மருத்துவம் என்று தைரியமாகச் சொல்லலாம்?

முதலிடம் கத்திப் பிடிக்கு. ரோமானிய அறுவைக் கத்தியின் பிடி வெண்கலம் அல்லது பித்தளை, அலகு எஃகு. பிடியின் ஒரு முனையில் அலகைச் செருகும் ஆழமான வெட்டுவாய் இருக்கும், அதன் ஓரங்கள் சிறு சுருள்களாக உருண்டிருக்கும். மறுமுனை மழுங்கிய இலை வடிவில் நீளும். வெட்டிய தோலையும் தசையையும் கிழிக்காமல் பிரித்துவிட இந்த இலைதான் பயன்பட்டது. இப்படி ஒரு பிடி வேறு எந்தத் தொழிலுக்கும் பொருந்தாது. இரண்டாயிரம் ஆண்டுகளில் எஃகு அலகு துருவாகிக் கரைந்துபோக, பிடி மட்டும் மிஞ்சுகிறது. வெட்டுவாயில் ஒட்டியிருக்கும் செம்பழுப்புத் துருவைச் சுரண்டாமல் விட்டால், அலகு இருந்ததற்கான சான்று அங்கேயே கிடைக்கும்.

அடுத்தது பற்கள் உள்ள இடுக்கிகள். முடி பிடுங்கும் சாதாரண முள்வாங்கிக்கு வாய் வழவழப்பாக இருக்கும். அறுவை இடுக்கியின் வாயில் ஒன்றோடொன்று கவ்வும் நுண்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் பிடியை இறுக்கி நிறுத்த ஒரு வளையமும் நகரும். உள்நாக்கு இடுக்கி என்பது இன்னும் தெளிவானது. கத்தரிக்கோல் போல இரு கால்கள் குறுக்கே இணைந்து, நுனியில் உட்குழிந்த பல்வாய்களாக முடியும். வீங்கிய உள்நாக்கையோ மூலத்தையோ கவ்வி நசுக்கினால் இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும், பிறகு வெட்டினால் இரத்தப்பெருக்கு குறையும். மயக்க மருந்தில்லாத காலத்தில் இது எத்தகைய வேதனை என்பதை நினைத்துப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் நோயாளி இரத்தம் வடிந்து சாகாமலிருக்க ஒருவர் சிந்தித்துச் செய்த கருவி அது.

கூரிய கொக்கிகள், ஆண்களுக்கு இரட்டை வளைவும் பெண்களுக்குக் குறுகிய நீளமும் கொண்ட சிறுநீர்க் குழாய்கள், இரத்தம் உறிஞ்சி எடுக்கும் மணி வடிவ வெண்கலக் குவளைகள், எலும்பு நெம்புகோல்கள், மண்டையோட்டைத் துளைக்கும் வட்ட ரம்பங்கள், திருகைச் சுற்றினால் விரியும் மகப்பேற்றுக் கருவி ஆகியவையும் ஐயத்துக்கு இடமில்லாதவை. கடைசியாகச் சொன்னது பொம்பெயியில் கிடைத்தது; நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அதைப் பார்த்தவர்கள், இன்றைய மகப்பேறு மருத்துவரின் மேசையில் இருப்பதோடு அதற்குள்ள ஒற்றுமையைக் கண்டு திகைக்கிறார்கள். உழவு நிலத்தில் இவை கிடைப்பது மிகமிக அரிது. பெரியவை ஏர்க்கொழுவில் அடிபட்டு நொறுங்கிவிடுகின்றன. கிடைத்தாலும் ஒரு கை, ஒரு கால், ஒரு திருகு என்று துண்டாகவே கிடைக்கும்.

இவ்வளவு உறுதியாக ஆய்வாளர்கள் பேச முடிவதற்குக் காரணம், கருவிகள் கூட்டமாகக் கிடைத்த சில இடங்கள். பொம்பெயியில் 'அறுவை மருத்துவர் வீடு' என்று பெயர்பெற்ற வீடு 1770-71இல் அகழப்பட்டபோது சுமார் நாற்பது கருவிகள் கிடைத்தன. ஜெர்மனியின் பிங்கன் நகரில் 1920களில் திறந்த ஒரு மருத்துவர் கல்லறையில் மண்டையோட்டைத் துளைக்கும் கருவி முழுத் தொகுதியாக இருந்தது. இவை எல்லாவற்றையும் விஞ்சியது இத்தாலியின் ரிமினி. 1989இல் நகரத்துச் சதுக்கம் ஒன்றில் நடந்த பணியின்போது தென்பட்ட தடயத்தைப் பின்தொடர்ந்து தோண்டியவர்கள், மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தீயில் இடிந்து விழுந்த ஒரு வீட்டைக் கண்டார்கள். அங்கே 150க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகள் கிடந்தன. தீயின் வெப்பத்தில் பல ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. சுவரில் கீறியிருந்த எழுத்தைக் கொண்டு அங்கு வாழ்ந்த மருத்துவரின் பெயர் யூட்டிகஸ் என்று கருதுகிறார்கள். சதையில் புதைந்த அம்பு முனையை வெளியே எடுக்கச் செல்சஸ் விவரிக்கும் 'டயோக்ளிஸ் கரண்டி', அதுவரை நூலில் மட்டுமே இருந்தது, அந்த வீட்டில் அடையாளம் காணப்பட்டது. வீடு 2007 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

பிரித்தானியாவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது கோல்செஸ்டர் அருகே ஸ்டான்வேயில் 1996இல் கண்ட கல்லறை. ரோமானியப் படை கி.பி. 43இல் கரையிறங்கியதை ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்தது அது. கத்திகள், கொக்கிகள், ஊசிகள், ஒரு ரம்பம், இடுக்கிகள் என்று முழுத் தொகுதி இருந்தது. பக்கத்தில் ஒரு விளையாட்டுப் பலகை. அதன்மேல் ஆட்டம் தொடங்கிய நிலையில் வெள்ளைக் காய்கள் பதின்மூன்று, நீலக் காய்கள் பதின்மூன்று. குறி சொல்லும் கோல்கள் என்று கருதத்தக்க உலோகக் கம்பிகளும், மாசிபத்திரி இனத்துச் செடியின் தடயம் தங்கிய வடிகட்டிப் பாத்திரமும் உடனிருந்தன. இதை அறிந்ததும் செய்தித்தாள்கள் 'துருயிட் பூசாரி' என்று எழுதிவிட்டன. அகழாய்வை நடத்திய பிலிப் கிரம்மியின் குழு அதைவிடக் கவனமாகப் பேசியது. கருவிகளின் வடிவம் மத்தியதரைக் கடல் பாணியிலிருந்து சற்று விலகி உள்ளூர்த் தன்மை காட்டுவதை ஜாக்சன் சுட்டினார். ரோமானியர் வருவதற்கு முன்பே அந்தத் தீவில் தேர்ந்த மருத்துவர்கள் இருந்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது வலுச்சேர்த்தது. அங்கே கிடைத்த கம்பிகளை ஒவ்வொன்றாக யாராவது வயலிலிருந்து பொறுக்கியிருந்தால் இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

2023 வசந்தத்தில் ஹங்கேரியின் யாஸ்பெரேனியில் வெளிப்பட்ட கல்லறையும் இதே பாடத்தையே தருகிறது. ரோமானிய எல்லைக்கு வெளியே, முதல் நூற்றாண்டில், ஐம்பது முதல் அறுபது வயதுக்கு உட்பட்ட ஓர் ஆண். இரண்டு மரப்பெட்டிகளில் இடுக்கி, ஊசி, வெள்ளி இழைத்த அறுவைக் கத்திகள்; முழங்காலருகே மருந்தரைத்த கல். பேரரசில் எங்கோ பயின்றவர் எதற்காக அத்தனை தூரம் போனார் என்பதை இன்னும் ஆராய்கிறார்கள். கேள்வியையே எழுப்ப முடிந்தது கல்லறை கலையாமல் இருந்ததால்.

அடையாளத்தைக் குழப்புபவற்றில் காலத்தால் பிந்தியவையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பெண்கள் நாடா கோக்க வைத்திருந்த தட்டை ஊசிகளின் முனையில் குறும்பிவாங்கி சேர்ந்தே இருந்தது. பலவற்றில் சொந்தக்காரியின் பெயரெழுத்துகள் பொறித்திருக்கும். மெழுகுப் பலகையில் எழுதிய ரோமானிய எழுத்தாணிக்கு ஒரு முனை கூர், மறுமுனை அழிப்பதற்கான தட்டை. அரைகுறையாக உடைந்தால் ஸ்பத்தோமெலேயாகத் தோன்றும். கொண்டை ஊசிகளில் தலை முறிந்தால் சலாகையாகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் வரைகருவிகளும் பல் மருத்துவக் கருவிகளும்கூட அழகான கடைசலுடன் வயலில் கிடக்கின்றன.

வல்லுநர்களே நெடுங்காலம் வழிதவறிய ஓர் உதாரணம் சொல்லத்தக்கது. பிறை வடிவில் பள்ளம் வெட்டிய சின்ன வெண்கலத் துண்டும், அதற்குள் பொருந்தி உருளும் வளைந்த துண்டுமாகப் பிரித்தானியாவில் ஜோடிப் பொருள்கள் கிடைத்துவந்தன. சிலர் தாயத்து என்றார்கள். சிலர் உடலில் பூசும் நீலச் சாயத்தை அரைக்கும் கருவி என்றார்கள். பிரித்தானியர்கள் நீலம் பூசிக்கொண்டார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியது அவர்கள் மனத்தில் இருந்தது. 1980களில் ஜாக்சன் இவற்றைத் தொகுத்து, தேய்மானத்தையும் ஜோடிப் பொருத்தத்தையும் ஆராய்ந்து, முகப்பூச்சுப் பொடி அரைக்கும் சிறு உரலும் குழவியும் என்று நிறுவினார். அதன்பின் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன, பெரும்பாலும் டிடெக்டர்காரர்கள் கொண்டுவந்து காட்டியவையே. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த துண்டுகளும் ஓரிடத்தில் ஒழுங்காகப் பதிவானால் ஒரு வகைப் பொருளின் வரலாற்றையே திருத்திவிடும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

அந்தப் பதிவு வேலையைச் செய்வது போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் எனப்படும் தொல்பொருள் பதிவுத் திட்டம். 1997இல் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2003இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரிந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்துகிறது. மாவட்டந்தோறும் உள்ள தொடர்பு அலுவலர்கள் பொருளைப் பார்த்து, அளந்து, படமெடுத்து, யாரும் இலவசமாகத் தேடத்தக்க தரவுத்தளத்தில் ஏற்றுகிறார்கள். இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் இருக்கின்றன. பத்தில் ஒன்பதுக்கு மேல் டிடெக்டர்காரர்கள் கொண்டுவந்தவை. ஐயமுள்ள சலாகை ஒன்றுக்கு அந்த அலுவலர்கள் தரும் விளக்கம் 'அலங்கார அல்லது மருத்துவச் சலாகை' என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்தே முடியும். கண்டெடுத்தவருக்கு அது ஏமாற்றம் தரலாம். ஆனால் நேர்மையான விடை அதுதான்.

சட்டம் வேறு கோணத்தில் இதைப் பார்க்கிறது. 1996இன் புதையல் சட்டப்படி 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ கலந்த பொருள் கிடைத்தால் 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஆகவே வெள்ளிக் குறும்பிவாங்கி புதையல். வெண்கல அறுவைக் கத்திப் பிடி புதையல் அல்ல. நோயைப் பற்றிய வரலாற்றுக்கு எது முக்கியம் என்று கேட்டால் சட்டத்தின் பதில் தலைகீழாக இருந்தது. 2010இல் கம்பிரியாவில் கிடைத்த கிராஸ்பி காரெட் தலைக்கவசம் வெண்கலத்தாலானது என்ற ஒரே காரணத்தால் புதையலாகாமல், ஏலத்தில் 23 லட்சம் பவுண்டுக்கு யாரோ ஒருவர் கைக்குப் போனது. இந்தக் குறையைப் போக்க 2023 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, உலோகம் அடங்கியிருந்து, தேசிய அல்லது வட்டார வரலாற்றுக்கு அசாதாரண முக்கியத்துவம் உள்ள பொருளும் இப்போது புதையலாகலாம். அயர்லாந்துக் குடியரசு 1987 முதல் அனுமதியின்றித் தொல்பொருளைத் தேடி டிடெக்டர் பயன்படுத்துவதையே தடை செய்திருக்கிறது. இரண்டு வழிகளுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. உழவும் உரமும் ஆண்டுதோறும் மேல்மண்ணில் உள்ளதை அழித்துவருவதால், அந்த அடுக்கிலிருந்து எடுத்துப் பதிவு செய்வது லாபம் என்பதே சரியாகப் படுகிறது. ஆனால் ஏர் தொடாத மண்ணுக்குள் இறங்குகிற நொடியில் அந்த நியாயம் முடிந்துவிடுகிறது. அங்கே இன்னொரு ஸ்டான்வே கிடக்கக்கூடும்.

டிடெக்டருக்கே உரிய ஒரு குறையையும் இங்கே சொல்ல வேண்டும். வயல்கள் இரும்பு ஆணியும் துருத்துண்டும் நிறைந்தவை என்பதால், பெரும்பாலோர் இரும்பின் ஒலியை ஒதுக்கும்படி கருவியை அமைத்துக்கொள்கிறார்கள். செம்பு, வெள்ளி, பொன் மட்டும் ஒலிக்கும். ஆனால் ரோமானிய அறுவை மருத்துவத்தின் கூர்முனை எல்லாம் எஃகில்தான் இருந்தது. கத்திக்கு நோரிக்கம் மாநிலத்து எஃகே சிறந்தது என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலன் பரிந்துரைத்தார். இன்றைய ஆஸ்திரியாவின் பெரும்பகுதி அந்த மாநிலம். ரம்பங்கள், உளிகள், எலும்பு நெம்புகோல்கள் பலவும் இரும்பு. டிடெக்டர் எடுத்துத் தரும் மருத்துவம் முழுக்க வெண்கல மருத்துவமாக, அதாவது தடவுவதும் துழாவுவதுமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கண் மருத்துவர்களின் முத்திரைக் கற்களும் அப்படியே தப்பிவிடுகின்றன. மருத்துவரின் பெயரையும், மருந்தையும், நோயையும் ஓரங்களில் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்கி, உலராத மருந்துக் கட்டியில் பதித்த சிறு சதுரக் கற்கள் அவை. முந்நூறுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலும் காலியா, ஜெர்மானியா, பிரித்தானியா மாகாணங்களில் கிடைத்தவை. கல் என்பதால் டிடெக்டர் மௌனமாகக் கடந்துபோகிறது.

கண் மருத்துவம் பிரித்தானியாவில் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு வின்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மெல்லிய மரத்தகட்டு ஓலை ஒன்று சான்று. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய படைக் கணக்கில் வேலைக்குத் தகுதியற்றவர்கள் 31 பேர்: நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண் அழற்சியால் அவதிப்பட்டவர்கள் 10. அதே கோட்டையின் இன்னொரு கணக்கில் ஒரு வீரன் இரண்டு தெனாரியஸ் நாணயத்துக்கு மிளகு வாங்கியிருக்கிறான். சேரநாட்டு மலைகளில் விளைந்த மிளகு உணவுக்கு மட்டும் போகவில்லை. செல்சஸின் மருந்துக் கலவைகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தில் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் அனிசியுஸ் இங்கெனுவுஸ் என்ற படை மருத்துவரின் கல்லறைக் கல் கிடைத்தது. தூங்ரியர் முதல் படைப்பிரிவில் பணிபுரிந்த அவர் 25 வயதில் இறந்தார். செஸ்டர் நகரில் கிரேக்க மருத்துவர்கள் தம் மொழியிலேயே எழுத்துப் பொறித்து நட்ட பலிபீடங்கள் உள்ளன. ஆகவே கோட்டையை ஒட்டிய வயலில் கிடைக்கும் சலாகைக்கும், பெருவீடு ஒன்றின் குளியலறைக் கழிவிலிருந்து வந்த சலாகைக்கும் பொருள் வேறு. வரைபடத்தில் பத்து மீட்டர் துல்லியத்துக்கு இடத்தைக் குறித்து வைத்தால்தான் இந்த வேறுபாட்டைப் பின்னால் வருபவர் காண முடியும்.

உலோகமே சில சேதிகளைச் சொல்லும். எக்ஸ்-கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும் கையடக்கக் கருவி இன்று பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. செம்போடு வெள்ளீயமா துத்தநாகமா, ஈயம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். நல்ல மருத்துவக் கருவிகள் பலவற்றைத் துத்தநாகம் மிகுந்த பித்தளையில் பொன்னிறமாக வார்த்து, வெள்ளி இழை பதித்தார்கள். கணிசமான நிக்கல் காட்டினால் அது 19ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய கலவை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மேலே படிந்த களிம்பு அளவீட்டைத் திரிக்கும் என்பதால் எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து. கைவேலையைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவர் இன்னும் தேவைப்படுகிறார்.

கருவி செய்வதில் மருத்துவர்கள் காட்டிய அக்கறைக்குக் கேலனே உதாரணம். கி.பி. 192இல் ரோமில் மூண்ட தீயில் அவருடைய சேமிப்பறை எரிந்தது. நூல்களும் மருந்துகளும் மட்டுமன்றி, தாமே புதிதாக வடிவமைத்து வெண்கலத்தில் வார்ப்பதற்காக மெழுகில் செய்துவைத்திருந்த கருவி மாதிரிகளும் அழிந்ததாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் தொலைந்தது என்றே கருதப்பட்டு, 2005இல் தெசலோனிக்கியின் விளாட்டடோன் மடத்துச் சுவடியில் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டெடுத்தவர்கள் செய்யும் பெருந்தீங்கு சுத்தம் செய்வது. எலுமிச்சைச் சாறு, வினிகர், கம்பித் தூரிகை, மின்பகுப்புத் தொட்டி எல்லாம் பச்சை மேற்தோலை உரித்துவிடும். அந்தத் தோலில்தான் கடைசல் கோடுகளும் வெள்ளி இழையும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. கரண்டியின் குழியில் ஒட்டிய கரும்பசை வெறும் மண்ணாக இருக்கலாம், இரண்டாயிரம் ஆண்டு மருந்தாகவும் இருக்கலாம். இத்தாலியின் டஸ்கனிக் கடற்கரையில் பொட்ஸீனோ என்னுமிடத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றில், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வெள்ளீயப் பேழைக்குள் மருந்து வில்லைகள் மூடியபடி கிடந்தன. 2013இல் வெளியான ஆய்வு அவற்றில் பெரும்பகுதி துத்தநாகச் சேர்மம் என்றும், மாவுப்பொருள், தேன்மெழுகு, பைன் பிசின் கலந்திருப்பதாகவும், கண்ணுக்கான மருந்தாக இருக்கலாம் என்றும் காட்டியது. யாராவது அந்தப் பேழையைக் கழுவியிருந்தால் கிடைத்திருப்பது ஒரு காலிப் பெட்டி.

இங்கிலாந்தில் வாழும் தமிழர்களில் வயல்களிலும் தேம்ஸ் ஆற்றுக் கரையிலும் தேடுவதில் ஆர்வம் கொண்டவர்கள் இருக்கக்கூடும். வயலுக்கு நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். தேம்ஸ் கரைக்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் அனுமதியின்றி டிடெக்டரைப் பயன்படுத்துவது குற்றம். பச்சைக் கம்பி ஒன்று அகப்பட்டால் கழுவ வேண்டாம். இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, பக்கத்தில் மண்மேல் கிடக்கும் துண்டுகளையும், துருப்பிடித்த இரும்பையும் சேர்த்து, தனித்தனி உறைகளில் இடுங்கள். ஒன்றுக்கு மேல் ஒரே இடத்தில் தென்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டு மாவட்டத் தொடர்பு அலுவலரை அழையுங்கள். பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. புதையல் வகையில் சேராத பொருளைப் பதிவு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.